யார் கையால் மருந்து

'கணினித் திரையில் அப்படி ஒரு கட்டம் வேண்டுமென்று அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை' என்று விசாரணை அறையில் நான் சொன்னது பொய். நன்றாக நினைவிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த தாதி, நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுபவர், என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தபடி, "கேட்க நான்தான் மறந்திருப்பேன்" என்றார்.

வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் தாதியருக்கு, தங்களுக்கு வேண்டிய தரவுத்தளத்தைத் தாங்களே வடிவமைக்கக் கற்றுக்கொடுப்பது அப்போது என் வேலை. தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை பிற்பகல்களில் வகுப்பு நடக்கும். முதல் மூன்று வாரம் கணினியைத் திறக்கமாட்டோம். நோயாளியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய ஒவ்வொன்றையும் ஒரு காகிதத் துண்டில் எழுதி மேசைமேல் பரப்புவோம். ஒவ்வொரு துண்டும் பின்னால் திரையில் ஒரு கட்டமாகும். மற்றவர்கள் பெயர், அடையாள அட்டை எண் என்று தொடங்க, சிஸ்டர் மட்டும் 'எந்த மொழியில் பேச வேண்டும்' என்ற துண்டை முதலில் வைத்தார். நான் சிரித்துவிட்டேன்.

"சிரிங்க சார். உங்க கம்ப்யூட்டருக்கு எல்லாரும் ஒண்ணுதான். ஹொக்கியன் பேசுற சீனப் பாட்டிக்கு நான் தமிழ்ல ஊசி போட முடியுமா லா?"

மாடியே சிரித்தது. அந்தச் சனிக்கிழமைகளுக்காக ஏங்கியதுபோல் என் வாழ்வில் வேறு எதற்கும் நான் ஏங்கியதில்லை. அதற்குப் பிறகு யாரும் என்னை அவ்வளவு உரிமையோடு கேலி செய்து திருத்தியதில்லை.

'யார் கையால் மருந்து' என்ற துண்டும் அவர் எழுதியதுதான். அதற்கு அவர் காட்டிய மாதிரிப் பதில்கள் 'பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா', 'வியாழன் மட்டும் மகள்' என்று ஆளுக்கு ஒரு விதமாக இருந்தன. நான்கைந்து விடைகளுக்குள் அடக்கித் தேர்ந்தெடுக்க வைக்க முடியவில்லை. மேலதிகாரிகள் பார்க்க வரும்போது திரை ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதே என் கவலை. துண்டுகளைக் கணினிக்கு மாற்றும்போது அதை மட்டும் விட்டுவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. மகளின் பிரசவத்துக்காக அவர் அந்த வாரமே விடுப்பில் போயிருந்தார்.

அவருக்குப் பதிலாகப் புக்கிட் மேராவில் ஒரு முதியவர் வீட்டுக்குப் போன தாதி, திரையில் இருந்ததை மட்டும் நம்பிப் புதிய இரத்த அழுத்த மாத்திரைகளை அவர் கையிலேயே கொடுத்தார். முதியவருக்கோ ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. தினமும் மருந்து கொடுத்தவர் பக்கத்து வீட்டு அம்மா. மாத்திரை மாறியது தெரியாமல் அந்த அம்மா பழையதை வழக்கம்போல் கொடுத்தார்; முதியவர் புதியதையும் விழுங்கியிருந்தார். இரண்டும் சேர்ந்து முதியவர் மயங்கி விழுந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் அந்த விசாரணையில், தெரிந்ததைப் பதிவு செய்யச் சொல்லவில்லை என்ற பழி சிஸ்டர்மேல் விழுந்தது. வீடுகளுக்குப் போகும் வேலையிலிருந்து அவரை எடுத்து, அலுவலக மேசை வேலையில் உட்கார வைத்தார்கள். வகுப்புக்கு அவர் திரும்ப வரவில்லை.

இருவரும் ஓய்வு பெற்று வெகுநாள் கழித்து, சென்ற ஆண்டு, நடந்ததை எழுதி, தாதியரை அனுப்பும் அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். நன்றி தெரிவித்து, விவகாரம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. கடிதத்தின் நகலோடு ஆங் மோ கியோவில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"அப்ப நான் கேட்டேனா, சார்?"

"கேட்டீங்க சிஸ்டர். உங்க கையாலயே எழுதி வெச்சீங்க."

அவர் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "படிச்சவரு சொல்றாரு, நமக்குத்தான் தப்பாயிருக்கும்னு நெனச்சேன். அதுக்கப்புறம் என் ஞாபகத்த நானே நம்புறதில்ல. அடுப்ப அணைச்சேனான்னு மூணு தடவ பாப்பேன். லிஃப்ட்ல கீழ வந்துட்டுத் திரும்ப மேல போவேன். என் மக கிண்டல் பண்ணுவா."

அவர் வேலையை மட்டும்தான் கெடுத்தேன் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். "இன்னிக்குப் போயிட்டு வாங்க சார். நான் கொஞ்சம் தனியா உக்காரணும்" என்றார். அதன்பின் மூன்று சனிக்கிழமைகள் தொலைபேசியில் அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. இப்போது அழைப்பதில்லை. காலையில் என் வீட்டைப் பூட்டும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன். அடுப்பை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு அவர் லிஃப்டில் இறங்கியிருந்தால் போதும்.