வடத்தை விடாத சேக்காளிகள்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோட்டத்தன்று காலை, ஊரே ரத வீதியில் நிற்க, நான் மட்டும் அம்மா வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தேன். காரணம் என் தம்பி.

அவன் தேருக்குக் கட்டை போடுகிறவன். உருண்டு வரும் சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்துத் தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அவர்கள் வேலை. அந்த வருஷம் ராஜபாளையம் ரோட்டில் பைக் சறுக்கிக் கால் முறிந்தது. தரையில் ஊன்றவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். பாவி, சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தான். சாப்பாடு இறங்கவில்லை. எனக்குப் பயமாகவே இருந்தது. பிறகு ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, கட்டம் கட்டமாக அடுக்கி ஊரையே கட்டும் ஒரு வீடியோ கேமில் ரத வீதிகளையும் தேரையும் கட்ட ஆரம்பித்தான். வெளிநாட்டிலிருக்கும் அவனுடைய சேக்காளிகளும் சேர்ந்துகொண்டார்கள். நிஜத் தேர் கிளம்பும்போது எல்லாரும் கேமுக்குள் வந்து இந்தத் தேரை இழுப்பதாக ஏற்பாடு.

வடத்தோரம் மிதிபலகைகள் வைத்திருந்தான். சேக்காளிகள் ஏறி நின்றால் அவன் எழுதிவைத்த கமாண்ட் தானாக ஓடித் தேரை நகர்த்தும், இறங்கினால் நின்றுவிடும் என்பது அவன் கணக்கு. தேரோட்டத்தன்று காலை ஒத்திகை பார்த்தார்கள். தேர் கிளம்பியது, நிற்கவில்லை. முக்கில் திரும்பாமல் நேரே போய் ஒரு கடையை இடித்துத் தள்ளியது.

"எங்க அத்தா கடையாக்கும்லே அது! எம்புட்டு நாளாக் கட்டுனேன்!" என்று, தன் அப்பாவின் கடை இடிந்ததைப் பார்த்துத் துபாயிலிருந்து ஒருத்தன் ஸ்பீக்கரில் அலறினான்.

அவன் கடையைத் திரும்ப அடுக்க, தம்பி கமாண்டை வரி வரியாகப் பார்த்தான். ஒரு தப்பும் தட்டுப்படவில்லை. எதையோ மாற்றி மறுபடி ஓடவிட்டான். இந்த முறை தேர் கோபுரத்தைப் பார்த்துப் பாய்ந்தது. "நிறுத்துலே, நிறுத்து!" என்று கத்தினேன். எனக்கு வேறொன்றும் தோன்றாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

திரை கறுத்தது. கட்டியதைக் காப்பி எடுத்து வைக்கவில்லை என்று அப்போதுதான் சொன்னான். "போச்சுக்கா, அம்புட்டும் போச்சு." கம்ப்யூட்டருக்கு உயிர் வரும்வரை ஆண்டாளைக் கூப்பிட்டபடி இருந்தேன். நல்லவேளை, எல்லாம் இருந்தது. கோபுரத்தை ஒட்டித் தேர் நின்றிருந்தது. முதல் வேலையாகக் கமாண்டை அணைத்துவிட்டு, தேரைப் பழைய இடத்தில் வைத்தான். வெளியே கொட்டுச்சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

சேக்காளிகள் ஒவ்வொருத்தராகத் திரும்ப உள்ளே வந்தார்கள். வந்ததும் ஓடிப்போய் மிதிபலகையில் ஏறிக்கொண்டார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"ஏலே, தேர் ஓடுனப்போ ஒருத்தனும் பலகையவிட்டு எறங்கலையா?"

"நிலைக்கு வராம வடத்த விடச் சொல்லுதியளாக்கும்? நல்லாருக்குக்கா!" என்றான் சிங்கப்பூரில் இருப்பவன்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் வருஷா வருஷம் வடம் பிடிக்கிறவள். கட்டை விழுந்து தேர் நின்றாலும் வடத்தை விட எங்களுக்கு மனசு வராது. தம்பி எப்போதும் பின்னால், சக்கரத்தைப் பார்த்துக் குனிந்தே நின்றவன். தேர் நின்றால் முன்னாலிருப்பவர்கள் வடத்தைப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்து, பலகையை விட்டு இறங்கினால் நிற்கும்படி வைத்திருக்கிறான்.

"அவனுக விடமாட்டானுகலே. நிறுத்துறது ஒன் வேலை. ஒன் கட்டைய எங்க?" என்றேன்.

ஊரையே கட்டியவன் தனக்கென்று ஒரு கட்டை வைக்கவில்லை. அவசர அவசரமாக ஒரு பட்டன் வைத்தான். அதை அழுத்தினால் சக்கரத்தின் முன்னால் கட்டை விழும். யார் வடம் பிடித்திருந்தாலும் கமாண்ட் நின்றுவிடும். அதைச் சோதித்துப் பார்க்க நேரமில்லை. வெளியே தேர் கிளம்பும் வேட்டு வெடித்தது.

"இழுங்கலே!" என்று கமாண்டைத் திரும்ப ஓடவிட்டான். தேர் நகர்ந்தது. முக்கு நெருங்கியது. பட்டனை அழுத்தினான். அத்தா கடைக்கு இந்தப் பக்கமே தேர் நின்றது.

"கட்டை போட்டாச்சு!" என்றான். கால் முறிந்ததிலிருந்து நான் கேட்காத குரல் அது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுவிட்டேன்.

இப்போது கால் சரியாகி, பழையபடி சக்கரத்தடியில் நிற்கிறான். வடம் பிடித்து இழுக்கும்போது தேர் சட்டென்று நின்றால், பின்னால் என் தம்பி இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.