மிதந்த காப்பித்தூள்

ரசாக் பாய் யாரையும் லேசில் நம்பமாட்டார். உக்கடத்தில் மிளகு, சீரகம், பட்டை, கிராம்பு விற்கிற கடை அவருடையது. மூட்டை வந்து இறங்கியதும் ஒரு பிடி மிளகை அள்ளிக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுவார். முற்றின மிளகு அடியில் போய் உட்காரும். சொத்தையும், கலப்படமாக வந்த பப்பாளி விதையும் மேலே மிதக்கும். மூழ்கினால் அசல், மிதந்தால் மோசடி. அவர் கண்ட உலக ஞானம் அவ்வளவுதான்.

வீட்டிலும் இதே கூத்து. மனைவி சாஜிதா பேகம் வாங்கிவரும் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் அடுப்படிக்கு அனுப்புவார். மிதந்த முட்டை கெட்டதாகவே இருந்தது. தண்ணீர் எப்போதும் அவர் பக்கமே சாட்சி சொன்னதில் மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

அடுத்த கடையில் வரலட்சுமி காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்றாள். ஆலை மூடப்பட்டு வீட்டுக்காரர் வேலையில்லாமல் உட்கார்ந்த பிறகு, தொண்ணூற்று நாலில், கழுத்து நகையை விற்றுப் போட்ட கடை. குடும்பமே அந்த அரவை மெஷினை நம்பித்தான் இருந்தது. ‘சிக்கரி கலக்காதது’ என்று பலகை மாட்டியிருந்தாள். அதுதான் பாய் கண்ணை உறுத்தியது. கலக்காதவள் எதற்கு அதை எழுதி மாட்ட வேண்டும்?

ஒருநாள் காலையில் அவள் கடைத் தூளை ஒரு சிட்டிகை கிண்ணத்தில் தூவினார். மிதந்தது. நிறம்கூட இறங்காமல் மேலேயே கிடந்தது. அந்த நேரம் பார்த்துப் பழனியாத்தாள் வந்து நின்றாள். அன்னூரில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவள். மசாலாவை இவரிடமும் காப்பித்தூளை வரலட்சுமியிடமும் வாங்குவாள்.

“என்னங்க பாய், அப்படிப் பாக்கறீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லலீங்க அம்மணி. தண்ணி சொல்லுது. உமியோ என்ன எழவோ, கலந்துபோட்டாங்களாட்ட இருக்குது.”

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அன்னூர் பஸ்ஸில் ஏறிய பேச்சு, போன வேகத்தில் உக்கடத்துக்கும் திரும்பி வந்தது. வரலட்சுமி கடையில் ஆள் குறைந்தது. அவள் நேராக வந்து கேட்டாள்.

“ஏனுங்க பாய், என்ற தூள்ல என்னத்தக் கண்டீங்க?”

“மிதக்குதுங்களே.”

“காப்பின்னா மிதக்கத்தானுங்க செய்யும்.”

மாட்டிக்கொண்டவர்கள் வேறு என்ன சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டார் ரசாக்.

வேறொரு கடையில் தூள் வாங்கினார். கிண்ணத்தில் போட்டதும் பழுப்பாகக் கரைந்துகொண்டே அடியில் இறங்கியது. அவருக்குப் பரம திருப்தி. சாஜிதா ஒரு வாய் குடித்துவிட்டு, “ஏனுங்க, இது வெறும் சிக்கரித் தண்ணிங்க” என்றாள். இவளையும் வரலட்சுமி கையில் போட்டுக்கொண்டாளோ என்று அவளையே ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் அவர் நாக்கும் அதையேதான் சொன்னது.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கிண்ணத்தோடு வரலட்சுமி கடைக்குப் போனார். முழுக் கொட்டையில் யார் எதைக் கலக்க முடியும்? பச்சைக் கொட்டையைப் போட்டார், மூழ்கியது. “இதே கொட்டையை என் கண்ணு முன்னால வறுங்க” என்றார். வரலட்சுமி வறுத்து நீட்டினாள். ஆறியதும் போட்டார். எல்லாமே மிதந்தன.

ரசாக் ஒரு கொட்டையை எடுத்து உருட்டிப் பார்த்தார். வறுபட்டதில் ஈரம் போய் எடை குறைந்திருந்தது. உடம்போ உள்ளே காற்றோடு உப்பியிருந்தது. தான் அடைக்கிற இடத்துக்கு உண்டான தண்ணீரைவிட எடை குறைந்தால் எதுவும் மிதக்கும். முற்றின மிளகு அதைவிடக் கனம், அதனால் மூழ்கியது. இதில் அசல் எங்கே வந்தது, போலி எங்கே வந்தது? தண்ணீர் எடையைத்தான் சொல்லியது. மோசடி என்று சொன்னது இவர். அவமானத்தில் காது சுட்டது.

“தப்புப் பண்ணிப்போட்டேனுங்க அம்மணி.”

“எங்கிட்டச் சொல்லி என்னுங்க ஆகும்? அன்னூர்ல போய்ச் சொல்லுங்க.”

அன்றைக்கே பஸ் ஏறினார். பழனியாத்தாள் கடையில் பத்துப்பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோர் காதிலும் விழும்படி, அந்தத் தூள் சுத்தம், மிதப்பதுதான் நல்ல காப்பி என்று விளக்கினார்.

“மொளகு மெதந்தா போலி, காப்பி மெதந்தா அசலுங்களா பாய்?” என்றாள் பழனியாத்தாள். சாப்பிட்டவர்கள் சிரித்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நீங்க பக்கத்துக் கடைக்காரங்க, நாளைக்கும் அந்தம்மா மூஞ்சியில முழிக்கோணும். அது சரிங்க. அதுக்காவ இத்தன தூரம் பஸ்ஸேறி வருவாங்களா? அந்தம்மா என்னத்தக் குடுத்து உங்களை அனுப்புச்சு?”

அவள் இடத்தில் இருந்தால் ரசாக்கும் இதைத்தான் கேட்டிருப்பார்.

அடுத்த வாரம் பழனியாத்தாள் உக்கடத்துக்கு வந்தாள். மெஷின் ஓடாமல் கிடந்த வரலட்சுமி கடையைத் தாண்டினாள். ரசாக் எழுந்து நின்று, “வாங்க அம்மணி” என்றார். அவர் மிளகையும் வாங்காமல் வேறொரு மசாலாக்கடைக்குப் போய்விட்டாள்.