இந்திராணி எங்களைப் படம் எடுத்த வாரம்

இன்றைக்கு எங்கள் கட்சால் தீவில் கல்யாணமோ காதுகுத்தோ என்றால் சமையலுக்கு ஆள் பார்ப்பதற்கு முன்னால் இந்திராணியிடம் போய்ச் சொல்லிவிடுகிறார்கள். தேதியைக் கேட்டதும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "பொண்ண எத்தன மணிக்கு வெளிய கூட்டிட்டு வருவீங்க? தூப் எந்தப் பக்கம் இருக்கும்?" தூப் என்றால் வெயில். அவள் இந்திக்காரர்கள் நடுவே பெரார்கஞ்சில் பிறந்து வளர்ந்தவள், இந்தி கலக்காமல் அவளுக்குப் பேச்சு வராது. அவள் படம் எடுக்கப் படித்த கதையைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நாள் ஆயிற்று. அந்தப் படிப்பில் செத்துப் பிழைத்தவள் நான் அல்லவா?

அது எழுபத்து நாலாம் வருஷம். சிலோன் தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்த ரப்பர் தோட்டத்துக்கு நாங்கள் வந்து இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. நான், என் வீட்டுக்காரர் சொக்கலிங்கம், மகன் உதயசூரியன், மூன்று பேரும் பால் வெட்டினோம். இந்திராணி பிள்ளைக்காம்பராவில் ஆயா. வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். முப்பத்தெட்டு வயது, தனி ஆள். ஒவ்வொரு தொட்டிலுக்கும் ஒரு நம்பர், அதே நம்பர் பால் புட்டியிலும் இருக்கும். "நம்பர் போட்டுட்டா கட்படு இல்லக்கா" என்பாள். குழப்பம் வராதாம்.

ஆபீஸ் கிளார்க் கிருஷ்ணமூர்த்தி அந்த வருஷம்தான் தோட்டத்துக் கிளப்பில் படம் எடுக்கும் வகுப்பு ஆரம்பித்தார். மீசை சரியாக முளைக்காத மனுஷர், ஆனால் பாடம் நடத்துவதில் கறார். வாரம் ஒரு பாடம் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கழுவிய படங்களைக் கயிற்றில் தொங்கவிட்டு எல்லோர் முன்னாலும் மார்க் போடுவார். படிக்க வந்தது நாலு பேர், இருந்தது ஒரே ஒரு பெட்டி கேமரா. ஒரு சுருளில் பன்னிரண்டு படம், ஆளுக்கு மூன்று. பிலிம் கப்பலில்தான் வரவேண்டும், கப்பலோ அதற்குத் தோன்றும்போதுதான் வரும். அதனால் மூன்று என்றால் மூன்றுதான்.

முதல் வாரப் பாடம் நிழல். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தையும், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தையும் இந்திராணி காலை வெயிலில் எடுத்தாள். இரண்டாவது வாரம் ஓடுகிற பொருள். ரப்பர் மரத்தடியில் அரை மணி நேரம் குந்தியிருந்து பால் சொட்டுவதை எடுத்தாள். படத்தில் சொட்டைக் காணோம், வெள்ளையாக ஒரு கோடுதான் விழுந்திருந்தது. "இந்தக் கேமராவுக்கு அவ்வளவு வேகம் கிடையாதும்மா. குறுக்கே ஓடறத எடுக்காதீங்க, உங்களப் பாத்து வர்றத எடுங்க, கலையாம விழும்" என்று கிருஷ்ணமூர்த்தி சொன்னாராம். இதையெல்லாம் அவள் என்னிடம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். நானும் உம் கொட்டுவேன். இந்த வயதில் இவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது வாரப் பாடம் முகம். புதன்கிழமை வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், எங்கள் லயத்துச் சுவரில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். "வெயில்ல நிறுத்தினா கண்ணு சுருங்கிடும், கூரை நிழல்ல நிறுத்தணும்னு சார் சொன்னாரு. பின்னாடி ஒண்ணும் தெரியக் கூடாதாம்" என்றாள். முடிச்சுப் போட்ட கயிற்றால் ஆறடி அளந்து என் வீட்டுக்காரரை நிறுத்தினாள். அப்புறம் என்னை, அப்புறம் பக்கத்துக் காம்பரா அன்னம்மாளை. "ஹிலாதீங்கக்கா, அசையக் கூடாது, சிரிக்காதீங்க" என்று அதட்டல் வேறு. அதோடு விட்டாளா? கழுவும்போது எது யார் படம் என்று குழம்பாமல் இருக்க, ஆளுக்கொரு சிலேட்டில் நம்பர் எழுதி நெஞ்சில் பிடிக்கச் சொன்னாள்.

அந்தச் சிலேட்டைக் கையில் வாங்கினதுமே எனக்குப் பழைய சிலேட்டு ஒன்று ஞாபகம் வந்தது.

சிலோனிலிருந்து எங்களை அனுப்புவதற்கு முன்னால் நாடு மாறுகிற பேப்பருக்குப் படம் எடுத்ததும் இப்படித்தான். வெள்ளைத் துணி, சிலேட்டு, நம்பர், சிரிக்காதே. யாரைப் படம் எடுத்தார்களோ அவர்கள் எல்லாம் கப்பல் ஏறினோம். என் மூத்தவள் செல்வராணியைக் கட்டிக்கொடுத்த இடத்துக்குச் சிலோனிலேயே இருக்கிற பேப்பர். அவளுக்குப் படம் எடுக்கவில்லை, அவள் அங்கேயே நின்றுவிட்டாள். ரயிலடியில் கையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து உதயசூரியன் பால் வாளியோடு வந்து சேர்ந்தான். "என்னைய எடுக்கலியா?" என்று கேட்டான்.

"மூணு பேர்தான் தம்பி. உனக்கு இல்ல. பஸ், ஹோ கயா, முடிஞ்சுபோச்சு" என்று சொல்லி, துணியைச் சுருட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

என்னையும் அவரையும் எடுத்தாயிற்று, பிள்ளையை எடுக்கவில்லை. மறுநாள் பெரட்டில் திங்கட்கிழமை கப்பல் வருகிறது என்று பேசிக்கொண்டார்கள். அன்னம்மாள் என் காதருகே வந்து, "மொதல்ல எடத்த எடுத்தா, இப்ப ஆளை எடுத்துட்டா, அடுத்தது கப்பல்தான். கணக்கு சரியா இருக்கில்ல பொன்னம்மா?" என்றாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தக் கணக்கு எனக்கு அப்போது அச்சுப் பிசகாமல் சரியாகத்தான் பட்டது.

இந்திராணியிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் கிளாஸ் பாடம்தான் என்பாள். சிலோனிலும்தான் கேட்டோம். சும்மா ஒரு பதிவுக்குத்தான் என்றார்கள், நம்பினோம்.

எங்களை அனுப்பிவிட்டால் இதை யார் தின்பது என்று வெள்ளிக்கிழமை நான் மரவள்ளித் தோட்டத்தை முழுக்கப் பிடுங்கிவிட்டேன். விரல் தடிமன்கூட இல்லை கிழங்கு. "கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். "நீங்க ஒரு தடவ புள்ளைய விட்டுட்டு வந்தீங்க. இன்னொரு தடவ நான் விட்டுட்டுப் போக மாட்டேன்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் என்ன செய்வார், பாவம். டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். அவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உதயசூரியனை இழுத்துக்கொண்டு கிளப்புக்குள் நுழைந்தேன். கயிற்றில் படங்கள் வரிசையாகத் தொங்கின. என் மூஞ்சியும் தொங்கியது, நம்பரோடு.

"ஐயா, இவனையும் எடுங்க" என்றேன். "இல்லாட்டி எங்க ரெண்டு பேர் படத்தையும் கிழிச்சுப் போடுங்க. அனுப்புறதுன்னா மூணு பேரையும் அனுப்புங்க. புள்ளைய இங்க விட்டுட்டு நாங்க கப்பல் ஏற மாட்டோம்!"

கிருஷ்ணமூர்த்தி கையில் பென்சிலோடு அப்படியே நின்றார். "எந்தக் கப்பல்? யார் யாரை அனுப்பறா?"

சொன்னேன். துணியை, சிலேட்டை, செல்வராணியை, எல்லாவற்றையும் கொட்டினேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. இந்திராணி முகம் வெளுத்துப் போயிற்று.

"ஐயோ அக்கா! புட்டிக்குப் போடுற மாதிரிதான் போட்டேன். கசம் சே, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்று ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

கிருஷ்ணமூர்த்தி என் படத்தைக் கயிற்றிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்ததைத் தானே படித்துக் காட்டினார். "வெளிச்சம் நன்று. முகம் தெளிவு. கண்ணில் ஏன் இவ்வளவு பயம்? பத்துக்கு ஏழு." பிறகு மெதுவாகச் சொன்னார், "இதுக்கு மேல இந்தப் படத்துல ஒண்ணும் இல்லம்மா. உங்கள யாரும் எங்கயும் அனுப்பல. திங்கக்கிழமைக் கப்பல்ல அரிசியும் எனக்கு பிலிமும் வருது. அவ்வளவுதான்."

அப்பாடா! அந்த நிமிஷம் என் உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, போனது மரவள்ளி மட்டும்தான். அந்த நார்க்கிழங்கை அவித்து அன்று சாயங்காலம் லயத்துக்கே கொடுத்தேன். மென்று மென்று தாடை வலித்ததுதான் மிச்சம். அன்னம்மாளுக்கு மட்டும் இரண்டு பங்கு வைத்தேன், அவள் போட்ட கணக்குக்கு!

அடுத்த வாரப் பாடம் கடற்கரை. தூரத்துப் படகு, நடுவில் மரம், கிட்டத்தில் மணல் என்று மூன்றும் தெளிவாக விழவேண்டுமாம். இந்திராணி கடற்கரைப் பக்கமே போகவில்லை. கேமராவோடு நேராக எங்கள் காம்பராவுக்கு வந்தாள். துணி இல்லை, சிலேட்டு இல்லை.

"ஏன்டி, ஒனக்குப் பாடம் வேறயில்ல?"

"சிஃபர் போட்டா போடட்டும்க்கா. மூணு பேரும் ஒண்ணா நில்லுங்க. இன்னிக்கு எவ்வளவு வேணாலும் சிரிங்க."

மூன்று படத்தையும் எங்களுக்கே எடுத்தாள். மார்க் சிஃபர்தான் வந்தது. முதல் படத்தில் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிவிட்டார், இரண்டாவதில் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவதுதான் நன்றாக விழுந்தது. அதில் மூன்று பேரும் பல் தெரியச் சிரிக்கிறோம். என் வலது கை மட்டும் உதயசூரியனுடைய சட்டையை இடுப்பருகே கொத்தாகப் பிடித்திருக்கிறது. படம் எடுக்கும்போது நான் பிடித்தது எனக்கே தெரியாது.

"எம்மா, எடுத்து முடிச்சாச்சு. விடும்மா" என்று அவன் சொன்ன பிறகுதான் விட்டேன்.