ஏரிக்கல் சாமி

சாத்தாங்காட்டுக்குப் போகும் சாலையில், ஏரிக்கரை ஓரமாக ஓர் அம்மாள் இட்லி வண்டி வைத்திருக்கிறார். குள்ளமான உருவம், தான் சொன்னதற்குத் தானே முதலில் சிரித்துவிடும் வழக்கம். ஆக்கிரமிப்பிலிருந்து ஏரியை மீட்க, அரசு சர்வேயரும் ஆட்களும் அளந்து, எல்லைக் கற்கள் நட்டார்கள். ஒரே வாரத்தில், கட்டட இடிபாடுகளைக் கொட்ட வந்தவர்கள் பாதிக் கற்களைப் பிடுங்கிவிட்டார்கள். ஏரி தூர்ந்தால் மழைத் தண்ணீர் முதலில் நுழைவது அந்த அம்மாளின் வீட்டுக்குள்தான்.

மறுநாள் காலை நான் போனபோது, வண்டியருகே மிஞ்சியிருந்த கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றியிருந்தார்.

“என்னம்மா இது?” என்றேன்.

“கல்லுன்னா புடுங்குவானுங்க நைனா. சாமி மேல கைய வெப்பானுங்களா?”

வைக்கவில்லை. லாரிக்காரர்கள் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். கற்களை மறுபடி நட வந்த சர்வேயரும் ஷூவைக் கழற்றிவிட்டு, “இது எந்தச் சாமிம்மா?” என்று பயபக்தியோடு கேட்டார்.

“நீ நட்ட சாமிதான் நைனா!”

சர்வேயர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு மற்ற கற்களுக்கும் கொஞ்சம் மஞ்சள் கேட்டார்.

அந்த அம்மாளுக்கு அந்தக் கல்லின் மேல் உண்மையிலேயே பக்தி உண்டா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஆனால் தினமும் முதல் இட்லியை அதன் முன்தான் வைக்கிறார்.