படத்தில் இல்லாத பக்கம்

தட்டையான படங்களை உருண்டையான உருவங்களின் மேல் போர்த்துவதுதான் என் வேலை. இறுப்பிட்டியில் வீட்டிலிருந்தபடியே, வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் விளையாட்டுகளுக்காகக் கணினியில் கல்லுக்கும் மரத்துக்கும் தோல் போடுகிறேன். பின்னேரமானால் கண் எரியும். யாருடனும் கதைக்கப் பிடிக்காது.

அப்படியொரு பின்னேரம் கடற்கரைப் பக்கத்து அக்கா ஒருவர் வந்தார். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். பிரான்சிலிருக்கும் மகளுக்குக் கல்யாணம். தகப்பனின் தலையை முப்பரிமாண அச்சில் சிறு சிலையாக அச்சடித்து மண்டபத்தில் வைக்க மகளுக்கு ஆசை. அதற்குக் கணினியில் தலையைச் செய்து அனுப்ப வேண்டும். அக்காவிடம் இருந்ததோ நேரே பார்க்கும் ஒரேயொரு படம்.

"செய்ய ஏலுமே பிள்ளை?"

ஏலாது என்று சொல்லக்கூடக் களைப்பாக இருந்தது. "பாப்பம் அக்கா" என்றேன்.

தலையைச் செய்து படத்தைப் போர்த்தினேன். மூக்கும் வாயும் பொருந்தின. கன்னம் வளையும் இடத்தில் படம் இழுபட்டது. காது இருக்க வேண்டிய இடத்தில் தோல்நிறம் கோடுகோடாக வழிந்தது. அக்காவின் கணவருடைய தம்பியைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, பக்கவாட்டில் படமெடுத்து ஒட்டினேன். இரண்டு தோலும் சேரும் தடத்தை அழிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அக்கா வந்து பார்த்தார். "ஓம், இவர்தான்." திரையில் தலையை மெல்லத் திருப்பினேன். அவர் முகம் மாறியது.

"இது தம்பியார், பிள்ளை."

எனக்கு எரிச்சல் வந்தது. அதைக் கவனிக்காமல் அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"அவரின்ர காது தலையோட ஒட்டினமாதிரி இருக்கும். அதுக்கு முன்னால தலைமயிர் சுருண்டு நிக்கும். நான்தானே வெட்டிவிடுறனான்."

தம்பியின் காதை அழித்தேன். அவர் சொல்லச் சொல்லக் கையாலேயே நிறம் தீட்டினேன். "இன்னும் கறுப்பு பிள்ளை, வெயில் பட்ட கறுப்பு" என்றார். வேலை முடியும்வரை அழாதவர், முடிந்தபின் அழுதார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

"இப்ப அவர்மாதிரி இருக்கோ அக்கா?"

"கிட்டத்தட்ட. இவ்வளவும் காணும் பிள்ளை, அனுப்பிவிடும்."

அனுப்பினேன். கல்யாணம் முடிந்தபின் அக்கா மறுபடி வந்து, சிலைக்கு மாலை போட்டு மேசையில் வைத்திருந்தார்கள் என்றார். நான் ஒரு பாறைக்குப் பாசி போர்த்திக்கொண்டிருந்தேன்.

"நல்லது அக்கா" என்றேன். அதற்குமேல் கதைக்கத் தெம்பில்லை. திரையில் பாறை திரும்புவதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.