தொப்பி தொட்டுக் காட்டிய இடம்

ஒண்டிப்புதூரிலிருந்து சூலூர் வரைக்கும் திருச்சி ரோட்டில் காரோ ஸ்கூட்டரோ ஓட்டிப் போகிற பெண்களில் பலருக்குக் கனகத்தைத் தெரியும். அவர்களுக்கெல்லாம் வண்டி பழக்கிவிட்டது அவள்தான். "கிளட்ச்ச மெல்ல விடுங்க அம்மணி. தூங்கற கொழந்த தலைக்கடியில இருந்து கைய உருவுவமில்லீங்க, அந்த மாதிரி" என்பாள். அதைக் கேட்ட பிறகு வண்டியை உதறவிட்டவர்கள் குறைவு.

அவள் கணவர் திருமலைசாமி நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். மில் மூடியதும் ஒரு பழைய மாருதி வாங்கி, மகள் லாஸ்யா பெயரில் டிரைவிங் ஸ்கூல் வைத்தார். வந்து விசாரித்த பெண்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "லேடீஸ் ஆராச்சும் சொல்லித் தருவாங்களாங்க?" அப்படி ஒருவரும் இல்லை. அதனால் முதல் மாணவியாக மனைவியையே உட்கார வைத்தார். கொஞ்ச நாளிலேயே வண்டி அவள் கைக்குப் போய்விட்டது. அவருக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைகிற வேலை மட்டும் மிஞ்சியது. வண்டி நடுரோட்டில் நின்றால் கத்துகிற மனிதர் அவர், ஆகவே எல்லோருக்கும் அதுவே நல்லதாகவும் போயிற்று. வீட்டில் இருவரும் பேசிக்கொள்வது பாதி தெலுங்கு, பாதி தமிழ். கோபம் வந்தால் முழுத் தமிழ்.

அறுபதைத் தாண்டியும் கனகம் விடிந்ததும் முதல் பேட்ச், சாயங்காலம் கடைசி பேட்ச் என்று ஓடிக்கொண்டிருந்தாள். போன கோடையில்தான் தலைவலி ஆரம்பித்தது. வெயில் என்றாள். பிறகு தூக்கம் போதவில்லை என்றாள். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டியேறினாள்.

லாஸ்யாவுக்கு பெங்களூரில் வேலை. போனில் அம்மாவின் குரல் சோர்ந்திருப்பதைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் ஆன்லைனில் ஒரு பார்சல் அனுப்பினாள். பிரித்தால் ஹெல்மெட் மாதிரி ஒன்று. கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே நிறைய ரப்பர் விரல்கள். சார்ஜ் போட்டுத் தலையில் மாட்டிப் பின்னாலிருக்கும் பட்டனை அமுக்கினால், அந்த விரல்கள் மெல்ல அமுக்கி, பிடித்து, விடும். இன்னொரு தடவை அமுக்கினால் சன்னமாக அதிரும்.

"தலைக்கு மசாஜ் பண்ற மெஷினும்மா. ரத்த ஓட்டம் நல்லாயிருக்கும், வலியும் கொறையும்னு போட்டிருக்கான். தெனமும் மத்தியானம் கொஞ்ச நேரம் மாட்டிக்கோ."

"ரோட்டுலதான் ஊரையெல்லாம் ஹெல்மெட் போடுங்கன்னு கத்தறேன். ஊட்டுக்குள்ளயுமா?" என்று சிரித்தாளே தவிர, அன்று மத்தியானமே மாட்டிப் பார்த்தாள்.

சுகமாகத்தான் இருந்தது. உச்சந்தலையில் யாரோ பொறுமையாக எண்ணெய் தேய்த்துவிடுகிற மாதிரி. சாப்பாடு முடிந்து நாலு மணி பேட்ச் வருவதற்குள் சோபாவில் சாய்ந்து, தொப்பியை மாட்டி, கண்ணை மூடினால் உடம்பே லேசாகிவிடும். பழக வந்த பெண்கள்கூட ஆளுக்கொரு தரம் போட்டுப் பார்த்தார்கள். முடியே இல்லாத தலையில் அதை மாட்டிக்கொண்டு திருமலைசாமி, "இது எனக்காகச் செஞ்ச மாதிரியே இருக்குது" என்றார்.

சில வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் பட்டனை அமுக்கியதும் கனகம் "ஆ" என்று தொப்பியைக் கழற்றி எறியாத குறையாக மடியில் போட்டாள். இடப்பக்கப் பொட்டில், காதுக்கு மேலே, ரப்பர் விரல் பட்ட இடத்தில் நெருப்பு வைத்தது போல் இருந்தது. ரப்பர் தேய்ந்து கம்பி ஏதும் வெளியே வந்துவிட்டதா என்று உள்ளே தடவிப் பார்த்தாள். எல்லாம் மெத்தென்றுதான் இருந்தது. கணவர் தலையில் மாட்டி ஓடவிட்டாள். அவர் அப்படியே தூங்கிப்போனார்.

வண்டி ஆடினால் எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று கண்டுபிடிக்க டயரை மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். கனகத்துக்கு அதுதான் தோன்றியது. தொப்பியை முன்பின்னாகத் திருப்பி மாட்டினாள். இப்போது வலப்பக்க விரல்கள் இடப்பக்கம் வந்துவிட்டன. பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினாள். அதே இடம், அதே வலி.

அப்போதே தெரிந்துவிட்டது, கோளாறு மெஷினில் இல்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் இப்படித்தான் தலைவலி என்று போய், மூளையில் கட்டி என்று திரும்பி வந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் நமக்கும் அதைத்தான் சொல்வார்கள், அதோடு வண்டியும் போயிற்று என்று நினைத்தாள். தொப்பியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். லாஸ்யா கேட்டபோது, "நல்லா இருக்குது கண்ணு" என்றாள்.

ஆனால் வலி அலமாரிக்குப் போகவில்லை. தலை சீவினால் வலித்தது. தலையணையில் இடப்பக்கம் படுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டன் எடுத்தால் ரெண்டு வாய் மெல்வதற்குள் தாடை ஓய்ந்துபோனது. "பல்லுல என்னமோங்க" என்று தட்டைத் தள்ளி வைத்தாள். திருமலைசாமி பல் டாக்டரிடம் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார், அவள் தள்ளிப்போட்டுக்கொண்டேயிருந்தாள்.

அந்தச் சமயத்தில் பழக வந்தவர்களில் ஒருத்தி சாஜிதா பேகம். இருகூரில் வீட்டிலேயே டியூஷன் எடுப்பவள். கணவர் துபாயில் இருந்தார், வாங்கிப் போட்ட கார் ஷெட்டில் இருந்தது. எதிரே லாரி வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு "யா அல்லாஹ்" என்று கையேந்துகிற ரகம். மூணாவது கியருக்கு மேல் போனதே இல்லை.

ஒரு காலை இருவரும் சூலூர் குளத்தைத் தாண்டித் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கனகத்தின் இடது கண்ணில் மேலேயிருந்து ஏதோ இறங்கியது. கடை ஷட்டரை இழுத்து விடுவது போல, சாம்பல் நிறத்தில், மெதுவாக, பாதி வரை, பிறகு முழுவதும்.

"ஓரங்கட்டுங்க அம்மணி." தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே சொன்னாள்.

வண்டி நின்றது. கனகம் வலது கண்ணைப் பொத்தினாள். ரோடு இல்லை, குளம் இல்லை, பக்கத்தில் இருந்த சாஜிதா இல்லை. கையை எடுத்தாள். எல்லாம் இருந்தது. மறுபடியும் பொத்தினாள்.

"அக்கா, என்னாச்சுங்க? ஏங்க்கா அப்படிப் பண்றீங்க?"

"இந்தக் கண்ணுல ஒண்ணும் தெரியல கண்ணு." சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

சாஜிதா திருமலைசாமிக்குப் போன் போட்டாள். அவர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருந்தார், இதோ வாரேன் என்றார். அவர் வருவதற்குள்ளேயே இறங்கிய திரை மெல்ல ஏறியது. முதலில் ரோட்டோரம் தெரிந்தது, அப்புறம் குளத்துத் தண்ணீர். சில நிமிஷத்தில் பார்வை முழுசாகத் திரும்பிவிட்டது. கனகம் முகத்தைத் துடைத்தாள்.

"வந்திருச்சுங்க. வெயில்ல கிறுகிறுத்திருக்கும். வண்டிய எடுங்க, கிளாஸ முடிச்சுப்போடலாம்."

சாஜிதா வண்டியை எடுத்தாள். ஆனால், "நேரா கண்ணாஸ்பத்திரிக்குத்தாங்க்கா போறோம். அண்ணனையும் அங்கயே வரச் சொல்லிருங்க" என்றாள்.

"அதெல்லாம் வேண்டாங்க. சிங்காநல்லூர் டிராஃபிக்குல உங்களுக்கு ஓட்ட வராது."

"வருதோ வரலியோ, ஸ்டியரிங் இப்ப என் கையிலதானுங்க இருக்குது."

கனகத்தின் காலடியில் பிரேக் இருந்தது. ஒரு மிதி மிதித்தால் வண்டி நின்றுவிடும். அவள் மிதிக்கவில்லை. காலை அதன் மேல் சும்மா வைத்துக்கொண்டு, "கியர மாத்துங்க, மிரர் பாருங்க, பஸ்ஸுக்கு வழி விடுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். சாஜிதா வியர்த்து வழிய, உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டே ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள். சிங்காநல்லூர் சிக்னலில் வண்டி ஒருதரம் நின்றுபோனது, அவளே ஸ்டார்ட் பண்ணி எடுத்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரீத்திகா சொட்டு மருந்து விட்டுக் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இளவயசு, பேச்சு நிதானம். கனகத்தின் வயதைக் கேட்டார். பிறகு கண்ணை விட்டுவிட்டு வேறெதையோ கேட்டார்.

"அம்மா, மெல்லும்போது தாடை வலிக்குதுங்களா?"

கனகம் நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாங்க."

"தலை சீவும்போது?"

அவ்வளவுதான். இத்தனை நாளாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. மகள் அனுப்பிய தொப்பி, ரப்பர் விரல்கள், திருப்பி மாட்டிப் பார்த்தது, அலமாரியில் வைத்தது, கட்டி என்ற பயம். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம் எழுந்து வந்து அவளுடைய இடப்பக்கப் பொட்டில் விரலை மெல்ல ஓடவிட்டார். அங்கே ஒரு நரம்பு, நூல்கயிறு மாதிரி கெட்டியாகத் தடித்திருந்தது. தொட்டதும் கனகத்தின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"கட்டியெல்லாம் மாதிரி தெரியலைங்கம்மா. இது ரத்தக்குழாய் வீக்கம். டெம்போரல் ஆர்ட்டரைட்டிஸ்னு சந்தேகப்படறேன். நம்ம பக்கத்துல அவ்வளவா வராது, ஆனா வந்தா விடக்கூடாது. இந்த வீக்கம் கண்ணுக்குப் போற குழாயையும் அடைச்சுப்போடும். இன்னைக்கு உங்களுக்கு வந்தது எச்சரிக்கை. அடுத்த தடவை இருட்டினா, அந்தக் கண்ணு திரும்பாமயே போயிரலாம்."

"இப்ப?"

"இப்ப காப்பாத்திரலாம். டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம், ஸ்டீராய்டு மருந்த இப்பவே ஏத்திரலாங்க."

கையில் ஃபைலோடு திருமலைசாமி ஓடி வந்தபோது, கனகத்தின் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. சாஜிதா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, துப்பட்டாவால் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டவர் மனைவியை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. கட்டிலருகே நின்று அவள் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு அதுவே திட்டியதை விடப் பெரிதாக இருந்தது. "சொல்லியிருக்கோணுங்க. பயந்துபோட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை கனகம் விழித்தபோது ஏதோ காணாமல் போனது போல் இருந்தது. படுத்தபடியே யோசித்தாள். இடப்பக்கமாகத்தான் படுத்திருந்தாள். வலி இல்லை. பயந்து பயந்து ஒரு விரலைப் பொட்டில் வைத்தாள். பிறகு உள்ளங்கையை வைத்தாள். பையிலிருந்த சீப்பை எடுத்து முன்னிருந்து பின்னாக ஒரு இழுப்பு. ஒன்றுமில்லை. பெரிய வார்டில் அத்தனை பேர் நடுவே உட்கார்ந்து, முடியை அவிழ்த்துப்போட்டு, சீவிக்கொண்டேயிருந்தாள். காபி கொண்டு வந்த திருமலைசாமி வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னங்க பாக்கறீங்க? வந்து காபியக் குடுங்க" என்றபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ரத்தப் பரிசோதனையும், பிறகு பொட்டில் தடித்திருந்த குழாயிலிருந்து துணுக்கு எடுத்து அனுப்பிய பரிசோதனையும் டாக்டர் சொன்னதையே சொல்லின. லாஸ்யா சேதி கேட்ட அன்றே முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். வந்தவள் அம்மாவைப் பார்த்ததைவிட டாக்டரைத்தான் அதிகம் துரத்தினாள்.

"நான் அனுப்புன மெஷின்னாலதான் இது வந்துச்சுங்களா டாக்டர்? உண்மையச் சொல்லுங்க."

"இல்லீங்க. மெஷின் இத வரவைக்கவும் இல்ல, குணமாக்கவும் இல்ல. எங்க வலிக்குதுங்கறத அழுத்திக் காட்டுச்சு, அவ்வளவுதான். அந்தத் தலைவலிக்கே அம்மா வந்திருக்கணும்." டாக்டர் கனகத்தின் பக்கம் திரும்பினார். "அறுபதுக்கு மேல புதுசா ஒரு தலைவலி வந்தா, மாத்திரைய வாங்கிப் போட்டுட்டுக் கெளம்பக் கூடாதுங்கம்மா."

லாஸ்யா வராந்தாவுக்குப் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தாள். வந்து சாஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மாதங்கள் மாத்திரையோடு போயின. முகம் உப்பியது, பசி பசி என்று வயிறு கத்தியது, சர்க்கரை ஏறாமல் பார்க்க வேண்டியிருந்தது. வண்டிப்பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருமலைசாமியே மறுபடி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பழக்கினார். கத்தாமல் இருக்க அவர் வாயில் பாக்குப் போட்டுக்கொண்டதைப் பெண்கள் வந்து வந்து சொல்லிச் சிரித்தார்கள். சாஜிதா லைசென்ஸ் எடுத்து, அந்த மாருதியை விடப் பெரிய தன் காரில் பிரியாணிப் பாத்திரத்தோடு வந்து இறங்கினாள். கனகம் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். தாடை ஒரு வார்த்தை பேசவில்லை.

மாத்திரையைக் குறைத்துக் குறைத்து ஓர் அளவுக்கு வந்த பிறகு, டாக்டர் பிரீத்திகா இரண்டு கண்களையும் தனித்தனியாகச் சோதித்தார். கடைசி வரியிலிருந்த பொடி எழுத்து வரைக்கும் கனகம் படித்தாள். "போய் ஓட்டுங்கம்மா" என்றார் டாக்டர்.

அந்த வாரமே பொள்ளாச்சியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சீர் விசேஷம். கனகம்தான் ஓட்டினாள். கிணத்துக்கடவில் டீ குடிக்க நிறுத்தினார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மலை கழுவிவிட்டது போல் தெரிந்தது. திருமலைசாமி டம்ளரை ஆற்றிக்கொண்டே, இவளைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப, நான் ஊட்டுக்குள்ள ஒரு கண்ணக் கட்டிக்கிட்டு நடந்து பாத்தேன். உனக்கு அப்படி ஆகிப்போனா எது எது இடிக்கும், எதை எதை நகத்தி வெக்கோணும்னு தெரியணுமில்ல."

"என்ன தெரிஞ்சுதுங்க?"

"கிரைண்டர்ல முட்டி, கால் வீங்கிருச்சு. ரெண்டு நாள் நொண்டுனேன். நீ கேக்கலியேன்னு சொல்லல."

கனகம் அவரையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். டீ தளும்பிப் புடவையில் கொட்டுகிற அளவுக்கு, கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அவரும் சேர்ந்துகொண்டார். "இன்னொரு டீ போடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னவர், வேட்டி நுனியால் அவள் புடவையைத் துடைத்துவிட்டார்.