பச்சையை நம்பாத டிரைவர்

இன்று காலை சேலையூரிலிருந்து சிறுசேரி ஆபீசுக்கு எலெக்ட்ரிக் டாக்ஸி. முன் சீட்டில் நான்.

கேம்ப் ரோட்டைத் தாண்டியதுமே டிரைவர் ஏசியை அணைத்துவிட்டார்.

"பேட்டரி பச்சையாத்தானே இருக்கு அண்ணா?"

"இன்னா சார் பச்சை? எண்பது பர்சன்ட்டுக்கும் பச்சை, இருபதுக்கும் பச்சை. அப்புறம் திடீர்னு செவப்பு. போன வாரம் மேடவாக்கம் பாலத்து மேல நின்னுபோச்சு. பின்னாடி வந்த தண்ணி லாரி ஒரு சாண் கேப்ல பிரேக் போட்டான். வண்டில ஒரு புள்ளத்தாச்சி சார்."

அந்த டேஷ்போர்டை வடிவமைத்தது எங்கள் கம்பெனிதான்.

பேட்டரி அளவைக் காட்ட முள், எண், வண்ணம் என்று மூன்று மாதிரிகள் வைத்திருந்தோம். 'எண்ணைக் காட்டினால் டிரைவர்கள் பயந்துவிடுவார்கள், வண்ணம் போதும்' என்று மீட்டிங்கில் அடித்துப் பேசியவன் நான்.

"இத முடிவு பண்ணவன் ஒரு நாள் என் பக்கத்துல உக்காந்து வரணும் சார்."

கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையை மெதுவாகக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அதற்குப் பிறகு சிறுசேரி வரை பாலம் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கியதும் அவருக்கு ஐந்து ஸ்டார் கொடுத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் எனக்கு எத்தனை கொடுத்திருப்பார்? கமெண்ட்டில் நீங்களே போடுங்கள். எண்ணாகவே போடுங்கள்.